எச்டிஎம்ஐ துளை இருந்தும் படம் ஏறவில்லை: ஒரு ஸ்டுடியோவின் கேசட் வேலை

பின்னணி

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிறு நகரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ அது. 1980களின் கடைசியில் தந்தை தொடங்கினார். இப்போது மகன் நடத்துகிறார். கேமராவும் எடிட்டிங்கும் மகன் கையில். தந்தை மாலையில் வந்து உட்கார்ந்து, பழைய வாடிக்கையாளர்களோடு பேசிவிட்டுப் போவார். அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊரையும் பெயர்களையும் விட்டுவிட்டு மற்றதை நடந்தபடி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளாக ஸ்டுடியோவுக்கு ஒரு புது வேலை வரத் தொடங்கியிருந்தது. "எங்க கல்யாண கேசட் வீட்ல இருக்கு, போட்டுப் பார்க்க டெக் இல்ல, பென்டிரைவ்ல ஏத்தித் தர முடியுமா?" என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். விஎச்எஸ் டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் உலகத்தில் எத்தனை மிச்சமோ அத்தனைதான். பலர் 2000களிலேயே கேசட்டை விசிடி ஆக்கி வைத்திருந்தார்கள். ஆனால் விசிடியின் படம் 352 × 288 புள்ளிகள்தான். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கான பிஏஎல் முறையில் கண்ணுக்குத் தெரிகிற 576 வரிகளில் பாதி அங்கேயே போய்விடும். பூஞ்சை பிடிக்காத கேசட் கையில் இருந்தால், அந்த விசிடியைவிட கேசட்தான் இன்றைக்கும் நல்ல மூலம். தந்தை எடுத்த கல்யாணங்களின் மாஸ்டர் கேசட்டுகளும் பரணில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கிடந்தன.

ஸ்டுடியோவில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பழைய பெட்டி. அதில் ஏஜிபி துளையில் செருகிய ஒரு கிராபிக்ஸ் கார்டு உண்டு. விசிடி, டிவிடி போட்ட நாட்களில் கேசட்டை ஏற்றியது அந்தப் பெட்டிதான். மற்றது அண்மையில் கட்டிய எடிட்டிங் கம்ப்யூட்டர். அதன் கார்டின் பின்பக்கம் மூன்று டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ.

புகார்

மகன் கடையிலிருந்து ஒரு சிறு பெட்டி வாங்கி வந்தார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின்களை ஒருபக்கம் செருகினால் மறுபக்கம் எச்டிஎம்ஐ தரும் மாற்றுப்பெட்டி. டெக்கை அதில் இணைத்து, அதிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ கேபிளை எடிட்டிங் கம்ப்யூட்டரின் கார்டில் செருகினார். எதுவும் வரவில்லை. கேபிளை மாற்றினார், டிரைவரைப் புதுப்பித்தார், பலனில்லை. பிறகு எச்டிஎம்ஐ-டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்றைத் தேடியெடுத்து டிஸ்ப்ளேபோர்ட் வழியாகவும் முயன்றார். அந்தக் கேபிள், டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கம்ப்யூட்டரை எச்டிஎம்ஐ உள்ள திரையோடு இணைப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒருவழிப் பாதை; எதிர்த்திசையில் அது வெறும் கம்பி.

போனில் அவர் சொன்னது: "அண்ணே, கார்டு போயிடுச்சு போல. உள்ள எதுவும் எடுக்கல."

கார்டு விற்ற கடையில் வேறு விதமாகச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கார்டு சின்னது, அடுத்த ரகத்தில் வீடியோவைச் சுருக்கும் என்கோடர் நன்றாக இருக்கும், அதை எடுத்தால் ரெக்கார்டிங் தடையில்லாமல் நடக்கும் என்பது அவர்கள் யோசனை. அந்த அடுத்த ரகக் கார்டின் விலையில் ஸ்டுடியோவுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கலாம். மகன் முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தார். நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன்.

கண்டவை

ஒவ்வொரு சோதனையிலும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேடினோம். டெக்கும் மாற்றுப்பெட்டியும் ஒழுங்கா? இரண்டையும் கடையிலிருந்த தொலைக்காட்சியில் இணைத்தோம், படம் வந்தது. கார்டின் எச்டிஎம்ஐ துளை ஒழுங்கா? அதே தொலைக்காட்சியை அதில் செருகினோம். விண்டோஸ் திரை வந்தது. எதுவும் கெடவில்லை. இரண்டுமே படத்தைக் கொடுக்கிற பக்கங்கள். குழாய் வாய் இரண்டை எதிரெதிரே வைத்துக் கட்டினால் தண்ணீர் எங்கே போகும்?

எச்டிஎம்ஐயில் இதற்கு ஒரு முறைமை உண்டு. படம் தருகிற கருவி 18ஆம் பின்னில் 5 வோல்ட் கொடுக்கும். படம் காட்டுகிற கருவி அதை உணர்ந்து 19ஆம் பின்னை உயர்த்தி, தான் இருப்பதைத் தெரிவிக்கும். அதன் பிறகு தருகிற கருவி, எதிரே இருப்பது என்ன திரை, எந்த அளவுகளை ஏற்கும் என்ற சிறு தகவல் அட்டையைப் படித்துக்கொண்டு படத்தை அனுப்பும். இங்கே இரண்டு பக்கமும் 5 வோல்ட் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தின் பதிலுக்குக் காத்திருந்தன. பதில் சொல்லத்தான் ஆளில்லை.

துளையின் வடிவம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதுதான் குழப்பத்தின் வேர். தொலைக்காட்சியில் உள்ள எச்டிஎம்ஐ துளைக்குப் பின்னால் வாங்கும் சிப் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டில் உள்ள அதே வடிவத் துளைக்குப் பின்னால் அனுப்பும் சுற்று மட்டும் இருக்கிறது. சில ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர்களிலும் ஓரிரு கேமிங் லேப்டாப்களிலும் உள்வாங்கும் எச்டிஎம்ஐ துளை வந்தது உண்டு. அவற்றிலும் அதைத் தனியாக எழுதிக் காட்டியிருப்பார்கள். கடைகளில் இன்று கிடைக்கும் சாதாரண கிராபிக்ஸ் கார்டில் அப்படி ஒன்று கிடையாது, விலை எவ்வளவு ஆனாலும்.

அடுத்தது என்கோடர். என்விடியா 2012இல் கெப்ளர் தலைமுறைக் கார்டுகளோடு வீடியோவைச் சுருக்கும் தனிச் சுற்று ஒன்றைச் சேர்த்தது. மற்றவர்களும் இதுபோலச் சேர்த்தார்கள். விளையாட்டுத் திரையைப் பதிவு செய்வதும், எடிட் செய்த படத்தை விரைவில் வெளியே எடுப்பதும் இதன் வேலை. ஆனால் அது கம்ப்யூட்டரின் நினைவகத்துக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட படத்தைத்தான் சுருக்கும். வெளியிலிருந்து படத்தை உள்ளே கொண்டுவருவது அதன் வேலையல்ல. கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. "ரெக்கார்டிங்" என்று கேட்டவரும் சொன்னவரும் இரண்டு வேறு வேலைகளை மனதில் வைத்திருந்தார்கள்.

இதை மகனுக்குக் காட்டியது, வீடியோவைப் பதிவு செய்யவும் லைவ் அனுப்பவும் உதவும் ஓபிஎஸ் மென்பொருள்தான். அதில் வீடியோ உள்ளீட்டுக் கருவியைச் சேர்க்கும் இடத்தில் பட்டியலைத் திறந்தோம். அவருடைய வெப்கேமராவின் பெயர் மட்டும் இருந்தது. கிராபிக்ஸ் கார்டின் பெயர் இல்லை. "அப்போ கம்ப்யூட்டருக்கே இது ஒரு வாசல்னு தெரியாதா?" என்றார். தெரியாது.

பழைய பெட்டியில் இருந்தது என்ன

தந்தை இதை ஒப்புக்கொள்ளவில்லை. "நான் பழைய கம்ப்யூட்டர்ல கார்டுலேயே நேரா சொருகித்தான் ஏத்தினேன். அதுக்குன்னு தனிப்பெட்டி எதுவும் வாங்கலையே" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. பழைய பெட்டியைத் திறந்தோம்.

அந்தக் கார்டின் பின்பக்கம் ஒன்பது ஓட்டைகள் கொண்ட வட்டத் துளை ஒன்று இருந்தது. உள்ளே, கிராபிக்ஸ் சிப்பிலிருந்து தள்ளி, பிலிப்ஸ் பெயர் பொறித்த சிறு சிப் ஒன்று. மஞ்சள் பின் வழியாக வரும் அனலாக் படத்தை எண்களாக மாற்றுவது அந்தச் சிறு சிப். ஏடிஐ நிறுவனம் இதே வேலைக்குத் தன் கார்டுகளில் ரேஜ் தியேட்டர் என்ற சிப்பை வைத்தது. வெறும் வெளியீடு மட்டும் உள்ள கார்டுகள், உள்ளீடும் சேர்ந்த 'விவோ' கார்டுகள், தொலைக்காட்சி டியூனரும் சேர்ந்த ஆல்-இன்-ஒண்டர் வகைக் கார்டுகள் என்று அப்போது சந்தையில் மூன்று படிகள் இருந்தன. ஆல்-இன்-ஒண்டர் முதலில் வந்தது 1996இல்; கடைசியாக அந்தப் பெயரில் ஒன்று வெளிவந்தது 2008இல்.

ஏன் மறைந்தது என்பதற்குக் காரணங்கள் பல. 1990களின் நடுவில் வந்த மினி டிவி (MiniDV) கேமராக்கள் படத்தை எண்களாகவே ஃபயர்வயர் கேபிளில் அனுப்பின. கார்டில் மாற்றும் சிப் தேவைப்படவில்லை. மலிவான யுஎஸ்பி கருவிகள் வந்தன. விண்டோஸ் விஸ்டாவோடு கிராபிக்ஸ் டிரைவரின் அமைப்பே மாறியது. பழைய உள்ளீட்டு டிரைவர்களைப் புதுப்பிக்கத் தயாரிப்பாளர்களுக்கு ஆர்வமில்லை. பிறகு அனலாக் வெளியீடும் போயிற்று. ஏஎம்டி 2013இல் ஆர்9 290 வரிசையிலும், என்விடியா 2016இல் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலும் டிவிஐ துளையிலிருந்து விஜிஏக்கான அனலாக் பின்களை எடுத்துவிட்டன. தந்தை அறிந்த கார்டும் மகன் அறிந்த கார்டும் பெயரில் மட்டும்தான் ஒன்று.

பழைய கார்டை ஓட்டிப் பார்த்தோம். முதலில் ஒரு தடங்கல். அதனுடன் வந்த, ஒரு முனை பல முனைகளாகப் பிரியும் கிளைக்கேபிள் காணோம். யாரோ ஒரு சாதாரண எஸ்-வீடியோ கேபிளின் நான்கு-பின் முனையில் உள்ள நடு முளையை ஒடித்துவிட்டு, ஒன்பது ஓட்டைத் துளையில் திணித்து வைத்திருந்தார்கள். பின்கள் வளைந்திருந்தன. இந்த ஒன்பது ஓட்டைத் துளைக்குப் பொது விதி கிடையாது. எந்த ஓட்டையில் எது வரும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆகவே இணையத்தில் கிடைக்கிற ஏதோ ஒரு கிளைக்கேபிளை வாங்கிச் செருகுவதும் சரியல்ல. நல்லவேளையாக, உண்மையான கேபிள் பழைய வயர் மூட்டையின் அடியில் கிடைத்தது. அதில் உள்ளே, வெளியே என்று தனித்தனியாக மஞ்சள் பின்னும் எஸ்-வீடியோவும் இருந்தன.

படம் ஏறியது, நன்றாகவே இருந்தது. சத்தம் வரவில்லை. கிளைக்கேபிளில் சிவப்பு, வெள்ளை பின்களே இல்லை என்பதை அப்போதுதான் மகன் கவனித்தார். விவோ கார்டு படத்தை மட்டும் வாங்கும். சத்தத்தை சவுண்ட் கார்டின் லைன்-இன் துளைக்குத் தனியாகக் கொண்டுபோக வேண்டும். அப்படிச் செய்தோம். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

கல்யாண கேசட்டில் ஒத்திசைவைப் பார்க்கத் தவிலைவிட நல்ல அளவுகோல் கிடையாது; குச்சி தோலைத் தொடும் இடம் கண்ணுக்கும் காதுக்கும் துல்லியமாகத் தெரியும். ஜானவாசத்தில் சரியாக இருந்த தவில், கெட்டிமேளத்துக்கு வரும்போது கையை விட்டுத் தள்ளிப் போயிருந்தது. படத்தின் வேகத்தை டெக்கும், சத்தத்தின் வேகத்தை சவுண்ட் கார்டில் உள்ள படிகமும் முடிவு செய்கின்றன. இரண்டு கடிகாரங்கள். பத்து லட்சத்தில் நூறு பங்கு வித்தியாசம் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 0.36 நொடி, நொடிக்கு 25 படம் என்ற கணக்கில் ஒன்பது படங்கள் தள்ளிப்போகும். வர்ச்சுவல்டப் போன்ற மென்பொருளில் இதைச் சரிக்கட்ட வழி உண்டு. ஆனால் நாடா கசங்கிய இடங்களில் படங்கள் நழுவவும் நழுவின. இரண்டும் சேர்ந்தபோது, கேசட் ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக வெட்டிப் பொருத்த வேண்டியிருந்தது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவது அவற்றில் ஒன்றல்ல.

பழைய பெட்டியிலேயே தொடர்வது முதல் வழி. அதன் மாற்றும் சிப் இன்றைய மலிவுக் கருவிகளுக்கு இளைத்ததல்ல. ஆனால் சத்தத்தின் கடிகாரச் சிக்கல் ஒருபுறம். மதர்போர்டில் மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது மறுபுறம். உள்ளே இருந்த 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் சுருக்காத படம் ஒரு மணி நேரம்கூட அடங்காது. கணக்கு எளிது: 720 × 576 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 படம், நொடிக்கு 20.7 எம்பி, மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி. நடுவேலையில் அந்தப் பெட்டி நின்றுபோனால் உதிரிபாகம் கிடைக்காது. எனவே விட்டோம்.

மகன் வாங்கிவைத்த எச்டிஎம்ஐ மாற்றுப்பெட்டியை எச்டிஎம்ஐ வாங்கும் யுஎஸ்பி குச்சியோடு சேர்ப்பது இரண்டாவது. காசு குறைவு, உடனே படம் வரும். ஆனால் அதற்குத்தான் நான் அதிகம் மறுப்புச் சொன்னேன். அந்தப் பெட்டியில் 720, 1080 என்று ஒரு மாற்றுவிசை இருந்தது. எதில் வைத்தாலும் நொடிக்கு 60 படமாகவே வெளியே தந்தது. கேசட்டில் இருப்பது நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் மறுமுறை. ஐம்பதை அறுபதாக்கும்போது சில படங்கள் இருமுறை வரும். மாப்பிள்ளை நடந்து வரும்போது ஒரு விக்கல் தெரியும். வரிகளை ஒட்டும் வேலையையும் அந்தப் பெட்டி அவசரமாகச் செய்துவிடும். பிறகு பிரித்தெடுக்க முடியாது. படத்தைப் பெரிதாக்கியதால் தெளிவு கூடாது. பிஏஎல் விஎச்எஸ் நாடாவில் குறுக்குவாட்டுத் தெளிவு 240 வரி அளவுதான். 1080 என்று எழுதிவிட்டால் அது வளர்ந்துவிடாது.

மூன்றாவது, அனலாக் படத்தை நேராக வாங்கும் யுஎஸ்பி கருவி. மஞ்சள் பின், எஸ்-வீடியோ, சத்தத்துக்கு இரண்டு பின்கள், எல்லாம் ஒரே கருவியில். படத்தை 720 × 576 அளவில், அரைப்படங்களைத் தொடாமல் அப்படியே கொடுக்கும். நொடிக்கு 20.7 எம்பி என்பது யுஎஸ்பி 2.0 தாங்கக்கூடிய அளவு. படமும் சத்தமும் ஒரே கருவி வழியாக வருவதால் இரண்டு கடிகாரப் பிரச்சினை பெரிதும் அடங்கும். இதில் ஒரு எச்சரிக்கை: வெளியே ஒரே ஓடு, உள்ளே வேறு வேறு சிப் என்று விற்கிறார்கள். ஆகவே சரிவராவிட்டால் திருப்பித் தரலாம் என்ற பேச்சின் மேல்தான் வாங்கினோம்.

நான்காவது வழி ஸ்டுடியோவின் அலமாரியிலேயே இருந்தது. 2000களில் கல்யாணம் எடுத்த மினி டிவி கேமரா. அதில் ஏவி உள்ளீடு உண்டு. டெக்கின் படத்தை வாங்கி எண்களாக மாற்றி ஃபயர்வயரில் தரும். மணிக்கு 13 ஜிபிதான் ஆகும். ஆனால் அது படத்தைச் சுருக்கித்தான் தரும், வண்ணத் தகவலிலும் பாதி குறையும். புதிய கம்ப்யூட்டரில் ஃபயர்வயர் துளையும் இல்லை.

மூன்றாவது வழியை முதன்மையாக வைத்து, முரண்டு பிடிக்கும் கேசட்டுகளுக்குக் கேமராவை நடுவில் வைப்பது என்று முடிவு செய்தோம். அதாவது டெக்கிலிருந்து கேமராவுக்கு, கேமராவின் அனலாக் வெளியீட்டிலிருந்து யுஎஸ்பி கருவிக்கு. சில கேமராக்கள் இப்படிக் கடத்தும்போது நாடாவின் நடுக்கத்தைச் சமன் செய்துவிடும். இந்தக் கேமரா அந்த வகை என்பது ஒரு மோசமான கேசட்டை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது.

மாஸ்டர் கோப்பு இழப்பின்றிச் சுருக்கும் முறையில், அரைப்படங்களாகவே இருக்க வேண்டும். மணிக்கு 30 முதல் 40 ஜிபி. வாடிக்கையாளருக்குக் கொடுப்பது அதிலிருந்து எச்.264 முறையில் சுருக்கி எடுத்த சிறிய பிரதி, அரைப்படங்கள் ஐம்பதையும் முழுப்படங்களாக்கி, 768 × 576 அளவில். மாஸ்டரைத் தொடக்கூடாது என்பதில் நான் கொஞ்சம் கறாராகவே இருந்தேன். வரிகளை ஒட்டும் மென்பொருள் நாளைக்கு இன்னும் நல்லதாக வரலாம், டெக் வராது.

வேலை நடந்த விதம்

கம்ப்யூட்டரைவிட டெக்கும் நாடாவும்தான் நேரத்தை எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு கேசட்டையும் கதவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் தனியே வைத்தார்கள். அதை டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். மற்றவற்றை முழுக்க முன்னோட்டி, முழுக்க ரீவைண்ட் செய்து இறுக்கத்தைச் சமப்படுத்திய பிறகே ஏற்றினார்கள். ஹெட் சுத்தம் செய்வதில் தந்தையின் கைதான் தேர்ந்த கை. பஞ்சுக் குச்சியை அவர் தொடவே விடமாட்டார். நூல் இழை ஹெட்டில் சிக்கினால் உடைந்துபோகும். மென்தோல் துணியில் ஆல்கஹால் தொட்டு, உருளையை மட்டும் மெல்லச் சுழற்றுவார்.

பெரும்பாலான கேசட்டுகள் சிக்கலின்றி ஏறின. தவில் சோதனையில் தொடக்கமும் முடிவும் ஒத்துவந்தன. படத்தின் மேல்பகுதி கொடிபோல வளைந்தவையும், படம் நழுவியவையும் கேமரா வழியாகப் போய்ச் சரியாயின. ஒரு கேசட்டில் மட்டும் வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கடையில் விற்ற சினிமா கேசட்டுகளில் நகலெடுப்பதைத் தடுக்க, படம் தெரியாத மேல்வரிகளில் சில துடிப்புகளைச் சேர்த்திருப்பார்கள், மேக்ரோவிஷன் என்பார்கள். கல்யாண கேசட்டில் அது இருக்க வழியில்லை. ஆனால் தேய்ந்த நாடாவில் அதே வரிகளில் வரும் குப்பையை அதுவென்று எண்ணிக் கருவி தடுமாறுவது உண்டு. கேமராவை நடுவில் வைத்தும் அது முழுதாகத் தீரவில்லை. இருப்பதை ஏற்றிக் கொடுத்துவிட்டு, கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆரம்பத்தில் மகன் பயந்த ஒரு விஷயம் கெடுதல் அல்ல. மாஸ்டர் கோப்பை மானிட்டரில் பார்த்தபோது, கை அசையும் இடமெல்லாம் சீப்புப்பல் போலக் கோடுகள். கருவி மோசம் என்று திருப்பித் தரக் கிளம்பிவிட்டார். இரண்டு அரைப்படங்களை ஒன்றாக அடுக்கிக் காட்டும்போது வரும் கோடுதான் அது. அது தெரிந்தால் மாஸ்டரில் எதுவும் இழக்கப்படவில்லை என்று கொள்ளலாம். எல்லாப் படத்தின் அடியிலும் சில வரிகள் கலைந்து தெரிவதும் அப்படியே. டெக்கில் ஒரு ஹெட்டிலிருந்து மறு ஹெட்டுக்கு மாறும் இடம் அது. பழைய தொலைக்காட்சிகளில் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. வாடிக்கையாளர் பிரதியில் மட்டும் அதைக் கறுப்பால் மறைத்தார்கள்.

வெளியீட்டுப் பக்கத்தில் வந்த தொல்லை

வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்ட, எடிட்டிங் கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐயில் ஒரு தொலைக்காட்சியை இணைத்திருந்தார்கள். அதில் பார்த்த தந்தை, "கேசட் வெளுத்துப்போச்சுடா, கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏத்து" என்றார். கறுப்புத் தலைமுடி சாம்பலாகத் தெரிந்தது. மகன் எல்லாக் கோப்புகளிலும் கான்ட்ராஸ்ட்டை ஏற்றத் தயாரானார்.

அதே காட்சியைப் பக்கத்து மானிட்டரில் பார்த்தால் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. எனவே கோப்பில் பிழையில்லை. வீடியோ உலகில் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் குறிப்பார்கள். கம்ப்யூட்டர் உலகில் 0, 255. தொலைக்காட்சி இணைந்திருப்பதைக் கண்ட கார்டு குறுகிய அளவில் அனுப்பியது. தொலைக்காட்சியோ முழு அளவை எதிர்பார்க்கும்படி அமைந்திருந்தது. 16ஐ அது சாம்பல் என்று காட்டியது. கார்டின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் வெளியீட்டு அளவை முழுமைக்கு மாற்றியதும் முடி கறுத்தது. கோப்பில் கை வைத்திருந்தால், பென்டிரைவை வீட்டில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு முகமெல்லாம் வெளிறியும் நிழலெல்லாம் அடைந்தும் வந்திருக்கும். இந்த ஒரு தவிர்ப்பு, உள்ளீட்டுக் குழப்பத்தைத் தீர்த்ததைவிடப் பெரிது என்பது என் எண்ணம். ஏறாத படத்தை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். திருத்திக் கெடுத்துக் கொடுத்துவிட்டதைத் திரும்ப வாங்க முடியாது.

படத்தின் வடிவம் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கேசட்டின் படம் 4:3. இன்றைய தொலைக்காட்சியில் இரு ஓரமும் கறுப்பாக நிற்கும். "படம் முழுசா வரலையே" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். இழுத்து நிரப்பினால் மணப்பெண் குண்டாகிவிடுவார் என்று சொல்லிப் பார்க்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை. அவர்களுக்கு இழுத்த பிரதி ஒன்றும் இழுக்காத பிரதி ஒன்றும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

தொடர்ந்து வந்தது

கேசட் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கல்யாண லைவ் ஒன்று வந்தது. கேமராவின் எச்டிஎம்ஐயை லேப்டாப்பின் எச்டிஎம்ஐயில் செருகக்கூடாது என்பது இம்முறை மகனுக்கே தெரிந்திருந்தது. ஆனால் அவர் எடுத்துப்போக இருந்தது யுஎஸ்பி 2.0 குச்சி. 1920 × 1080 படம் நொடிக்கு 50 என்றால் சுருக்காமல் 207 எம்பி வரும், யுஎஸ்பி 2.0 ஏட்டளவில் தருவதே 60 எம்பி. ஆகவே அந்தக் குச்சி படத்தைத் தானே அழுத்திச் சுருக்கித்தான் அனுப்பும். மண்டப வெளிச்சத்தில் பட்டுப்புடவை ஜரிகை கட்டம் கட்டமாகத் தெரிந்தது. யுஎஸ்பி 3.0 கருவிக்கு மாறினார்கள்; அதில் கூடவே ஒரு வெளியீட்டுத் துளை இருந்ததால் மண்டபத் திரைக்கும் அங்கிருந்தே படம் போயிற்று. லேப்டாப் கார்டின் என்கோடர் இங்கேதான் உண்மையில் பயன்பட்டது. உள்ளே வந்துவிட்ட படத்தைச் சுருக்கி இணையத்துக்கு அனுப்பும் வேலை முழுவதையும் அது பார்த்துக்கொண்டது.

மாற்றிக்கொண்டவை

ஸ்டுடியோவில் இப்போது எந்தக் கருவி வாங்கும் முன்பும், அது ஓபிஎஸ் பட்டியலில் உள்ளீடாகத் தெரியுமா என்பதைக் கடையிலேயே ஒரு லேப்டாப்பில் செருகிப் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். டிஸ்ப்ளேபோர்ட், எச்டிஎம்ஐ மாற்றுக் கேபிள்களில் எந்த முனை கம்ப்யூட்டர், எந்த முனை திரை என்று வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பழைய கார்டின் கிளைக்கேபிள் அந்தக் கார்டோடு சேர்த்தே ஒரு பையில் கட்டப்பட்டிருக்கிறது.

இதே வேலையை மறுபடி தொடங்கினால் இரண்டை வேறு விதமாகச் செய்யச் சொல்வேன். பரணில் உள்ளவற்றில் மிக மோசமான கேசட்டை முதலில் எடுத்துச் சோதிக்க வேண்டும். நல்ல கேசட் எந்தக் கருவியிலும் நன்றாகவே ஏறும், அதைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டாவது, விலை. கேசட் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசியதால் மூன்று மணி நேரக் கேசட்டும் ஒரு மணி நேரக் கேசட்டும் ஒரே கூலியில் போயின. ஏற்றுவது நாடா ஓடுகிற வேகத்தில்தான் நடக்கும் என்பதால், மூன்று மணி நேரத்துக்கு ஒரு டெக் கட்டிப்போடப்படுகிறது. இப்போது மணிக் கணக்கில் வாங்குகிறார்கள்.

பூஞ்சை பிடித்த கேசட்டுகள் தனிப்பெட்டியில் மூடி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கென்று ஹெட் கெட்டாலும் பரவாயில்லை என்ற ஒரு இரண்டாம் டெக்கைத் தந்தை தேடிக்கொண்டிருக்கிறார்.